சிசேரியன் தழும்பு: ஒரே தழும்பு, நாலு பெயர், இன்சூரன்ஸ்ல நாலு விதமான பதில்



போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் ஜெயமங்கலம். தேனி மாவட்டத்துல, பெரியகுளத்துக்கும் வைகை அணைக்கும் இடையில இருக்கு. சாயங்காலம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தப்ப, தங்கச்சி வீட்டுக்காரர் போனை என் கையில கொடுத்தார்.

"மச்சான், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் ஒத்த பைசா வராது போல."

அது ஒரு க்ளைம் ரிஜெக்‌ஷன் லெட்டர். விஷயம் இதுதான். தங்கச்சிக்கு முதல் பிரசவம் தாய் வீட்டுலதான். தேனியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சிசேரியன். அப்புறம் சென்னைக்குத் திரும்பி, வேற கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தா. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு தொந்தரவு ஆரம்பிச்சுது. பீரியட்ஸ் முடிஞ்ச பிறகும் எட்டு, பத்து நாள் பழுப்பு நிறத்துல கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அடிவயிறு வலி வேற. ரத்தமும் குறைஞ்சு போச்சு. ரெண்டாவது குழந்தைக்கு முயற்சி பண்ணியும் நிக்கல. ஸ்கேன்ல பார்த்தப்பதான், கர்ப்பப்பையில பழைய சிசேரியன் தையல் போட்ட இடத்துல பள்ளம் விழுந்திருக்குன்னு தெரிஞ்சுது. லேப்ராஸ்கோப்பி பண்ணிச் சரி செஞ்சாங்க. பில் 1,62,000 ரூபாய்.

கேஷ்லெஸ் கேட்டப்பவே மறுத்துட்டாங்க. பாதியை கிரெடிட் கார்டுலயும், மீதியை நகைக்கடன்லயும் கட்டிட்டு, ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டாங்க. அதுக்கு வந்த பதில்தான் இந்த லெட்டர். ரெண்டு காரணம் சொல்லியிருந்தாங்க. ஒண்ணு, இது பிரசவத்தால வந்த செலவு. இன்னொண்ணு, இது குழந்தையின்மை சிகிச்சை. ரெண்டுமே பாலிசியில விலக்கு.

இந்த லெட்டரை வெச்சு நாங்க என்ன செஞ்சோம், என்ன கிடைச்சுதுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, 25 வயசுல இருந்து 35 வயசுக்குள்ள சம்பளம் வாங்குற எல்லாரும், ஆண்களும் சேர்த்துத்தான், தெரிஞ்சு வெச்சுக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கு. நான் சி.ஏ., டாக்டர் இல்ல. மருத்துவம் பத்தி இங்க சொல்றது க்ளைமைப் புரிஞ்சுக்கத் தேவையான அளவுக்கு மட்டும்தான். சிகிச்சை முடிவை உங்க மகப்பேறு மருத்துவர்கிட்ட பேசி எடுங்க.

இது யாரோ ஒருத்தர் பிரச்சனை இல்ல

2019-21-ல நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல நடக்கிற பிரசவங்கள்ல 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தா 63.8 சதவீதம். அரசு ஆஸ்பத்திரிகள்ல 36 சதவீதம். இந்தியா முழுக்கச் சராசரி 21.5 சதவீதம்தான். அதாவது நம்ம ஆபீஸ்ல குழந்தை பெத்த பத்துப் பேர்ல நாலஞ்சு பேருக்கு கர்ப்பப்பையில ஒரு தழும்பு இருக்கும்.

இதைப் படிச்சுட்டுப் பயந்துடாதீங்க. பெரும்பாலானவங்களுக்கு அந்தத் தழும்பு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் கொடுக்காது. ஸ்கேன்ல சின்னப் பள்ளம் தெரிஞ்சாலும், தொந்தரவு இல்லேன்னா பொதுவா சிகிச்சையே தேவைப்படாது. ஆனா தொந்தரவு வர்ற கொஞ்சம் பேருக்கு, அது பிரசவம் முடிஞ்சு ரெண்டு, மூணு, அஞ்சு வருஷம் கழிச்சு வருது. அதுக்குள்ள வேலை மாறியிருக்கும், பாலிசி மாறியிருக்கும், பிரசவப் பேப்பர் எங்கேன்னே தெரியாது. பணச் சிக்கல் ஆரம்பிக்கிறது அங்கதான்.

முதல்ல அந்த ஒரு விதியைப் படிங்க

2019-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பயன்படுத்துற விலக்கு வாசகங்களை ஒரே மாதிரி ஆக்குச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு நம்பர் உண்டு. உங்க பாலிசி பி.டி.எஃப்-ஐத் திறந்து 'எக்ஸ்க்ளூஷன் 18'-ஐத் தேடுங்க. மகப்பேறு விலக்கு அதுதான். அதுல ரெண்டு பகுதி இருக்கு.

முதல் பகுதி: பிரசவத்தால ஏற்பட்டதுன்னு சொல்லக்கூடிய மருத்துவச் செலவு, சிக்கலான பிரசவம், சிசேரியன் எல்லாம் கிடையாது. ஆனா எக்டோபிக் கர்ப்பத்துக்கு, அதாவது கரு தப்பான இடத்துல ஒட்டுறதுக்கு, இந்த விலக்கு பொருந்தாது.

ரெண்டாவது பகுதி: விபத்தால இல்லாத கருச்சிதைவும், சட்டப்படி செய்யற கருக்கலைப்பும் கிடையாது.

மகப்பேறு கவர் தனியா வாங்கியிருந்தாலோ, உங்க கம்பெனி குரூப் பாலிசியில சேர்த்திருந்தாலோ இந்த விலக்கு தளர்த்தப்பட்டிருக்கும். இல்லேன்னா இது அப்படியே நிக்கும். இதோட எக்ஸ்க்ளூஷன் 17-ஐயும் பாருங்க. அது குழந்தையின்மை சிகிச்சைக்கான விலக்கு.

இப்ப இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டு, தழும்புல வர்ற நாலு சிக்கலைப் பார்ப்போம். உடம்புல இருக்கிறது ஒரே தழும்புதான். டிஸ்சார்ஜ் சம்மரியில என்ன பெயர் வருதுங்கிறதைப் பொறுத்து இன்சூரன்ஸ் பதில் மாறும்.

பெயர் 1: தழும்புப் பள்ளம்

டாக்டர்கள் இதை 'நிச்' இல்லேன்னா 'இஸ்த்மோசீல்'னு எழுதுவாங்க. தையல் போட்ட இடத்துல கர்ப்பப்பைத் தசை சரியாச் சேராம, குறைஞ்சது 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தா இந்தப் பெயர். பீரியட்ஸ் ரத்தம் அந்தக் குழியில தேங்கி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். சிலருக்கு வலி இருக்கும், சிலருக்கு அடுத்த கர்ப்பம் தள்ளிப் போகும்.

சிகிச்சை ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த குழந்தைத் திட்டம் இப்போதைக்கு இல்லேன்னா ஹார்மோன் மாத்திரையிலயே கசிவு கட்டுப்படலாம். குழிக்கு மேல மிச்சமிருக்கிற தசை போதுமான கனமா இருந்தா, ஹிஸ்டரோஸ்கோப்பி மூலமா உள்ள போய்க் குழியோட விளிம்பைச் சரி செய்வாங்க. மிச்சத் தசை சுமார் 3 மில்லிமீட்டருக்கும் குறைவா மெலிஞ்சிருந்து, இன்னொரு குழந்தையும் வேணும்னா, லேப்ராஸ்கோப்பி மூலமாப் பழைய தழும்பை வெட்டி எடுத்துட்டுத் திரும்பத் தைப்பாங்க. இந்த மூணுல எதுங்கிறதைப் பொறுத்துப் பில் மாறும். மாத்திரை ஓ.பி. செலவு, பெரும்பாலான பாலிசியில வராது. ஹிஸ்டரோஸ்கோப்பி காலையில போய்ச் சாயங்காலம் வர்ற டே-கேர் சிகிச்சை. 24 மணி நேரம் அட்மிட் ஆகலைங்கிறது மட்டும் மறுக்கக் காரணமாகாது. ஆனா சிகிச்சை எதுவும் செய்யாம வெறும் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனா, எக்ஸ்க்ளூஷன் 4-ல மறுத்துடுவாங்க.

இன்சூரன்ஸ் பதில்: தகராறு வர்ற இடம் இதுதான். 'பிரசவத்தால ஏற்பட்டது'ன்னு எக்ஸ்க்ளூஷன் 18-ஐக் காட்டலாம். சம்மரியில 'குழந்தையின்மை'ன்னு மட்டும் இருந்தா எக்ஸ்க்ளூஷன் 17-ஐயும் காட்டலாம். தங்கச்சிக்கு ரெண்டையும் காட்டினாங்க.

பெயர் 2: தழும்புக்குள்ள ஒட்டுற கர்ப்பம்

அடுத்த கர்ப்பத்துல கரு, பழைய தழும்புலயே போய் ஒட்டிக்கிறது. சுமார் 2,000 கர்ப்பத்துக்கு ஒண்ணுன்னு மருத்துவ நூல்கள் சொல்லுது. அரிதுதான், ஆனா ஆபத்தானது. விட்டா கடுமையான ரத்தப்போக்கு வரலாம், கர்ப்பப்பையே கிழியலாம். அதனால சீக்கிரம் கண்டுபிடிச்சுக் கர்ப்பத்தை நிறுத்துறதைத்தான் பொதுவா டாக்டர்கள் பரிந்துரைப்பாங்க. மெத்தோட்ரெக்சேட் ஊசி, ஸ்கேன் பார்த்துக்கிட்டே உறிஞ்சி எடுக்கிறது, லேப்ராஸ்கோப்பின்னு வழிகள் இருக்கு. ஏற்கனவே சிசேரியன் ஆனவங்க அடுத்த தடவை பாசிட்டிவ் வந்ததும் ஆரம்ப வாரங்கள்லயே ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்றது இதுக்காகத்தான்.

இன்சூரன்ஸ் பதில்: இங்க விதி உங்க பக்கம் இருக்கு. எக்டோபிக் கர்ப்பத்துக்கு எக்ஸ்க்ளூஷன் 18 பொருந்தாதுன்னு அந்த வாசகமே சொல்லுது. மருத்துவத்துல தழும்புக் கர்ப்பத்தை எக்டோபிக் வகையிலதான் சேர்க்கிறாங்க. ஆனா சம்மரியில அவசரத்துல 'கருக்கலைப்பு'ன்னு மட்டும் எழுதிட்டா, அதே விதியோட ரெண்டாவது பகுதியில போய் மாட்டும். டிஸ்சார்ஜ் ஆகறப்ப நோயோட முழுப் பெயர் 'சிசேரியன் தழும்பு எக்டோபிக் கர்ப்பம்'னு இருக்கான்னு பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை, ஒரு லட்சம் ரூபாய் விஷயம்.

பெயர் 3: அடுத்த பிரசவத்துல வர்ற சிக்கல்

நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள்ள வேர் மாதிரி ஊடுருவிப் போறது ஒண்ணு, இதுக்குப் பெயர் 'அக்ரீட்டா'. பிரசவ வலியில தழும்பு பிரியறது இன்னொண்ணு. சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் முயற்சி பண்றப்ப தழும்பு பிரியற வாய்ப்பு சுமார் 200-ல ஒண்ணு. அதனாலதான் அந்த முயற்சியை உடனே ஆபரேஷன் பண்ற வசதி இருக்கிற இடத்துல மட்டும் செய்வாங்க.

அக்ரீட்டா பத்தி 2006-ல அமெரிக்காவுல 30,000-க்கும் மேற்பட்ட சிசேரியன்களைப் பார்த்து ஒரு ஆய்வு வெளியாச்சு. நஞ்சுக்கொடி கீழ இறங்கி வழியை மறைச்சிருந்த பெண்கள்ல, முதல் சிசேரியன்ல 3 சதவீதம் பேருக்கு அக்ரீட்டா இருந்துச்சு. ரெண்டாவது சிசேரியன்ல 11 சதவீதம். மூணாவதுல 40 சதவீதம். இந்த ஆபரேஷனுக்குப் பல யூனிட் ரத்தம், ஐ.சி.யூ., சில நேரம் கர்ப்பப்பையையே எடுக்கிற நிலைமைன்னு செலவு எங்கேயோ போயிடும்.

இன்சூரன்ஸ் பதில்: இது நேரடியா மகப்பேறுக்குள்ள வருது. மகப்பேறு கவர் இல்லேன்னா பொதுவா ஒண்ணும் கிடைக்காது. கவர் இருந்தாலும் பெரும்பாலும் சப் லிமிட் இருக்கும். உங்க பாலிசி தொகை 5 லட்சமா இருக்கலாம், மகப்பேறு லிமிட் 60,000 ரூபாய்னா, சிக்கலான பிரசவத்துக்கும் அதே 60,000-தான். சில குரூப் பாலிசியில மட்டும், உயிருக்கு ஆபத்தான சிக்கலுக்கு முழுத் தொகை வரைக்கும் தருவோம்னு ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கா இல்லையான்னு எச்.ஆர்.கிட்ட ஈ-மெயில்ல கேளுங்க. வாய்ப் பேச்சுல 'இருக்கு'ன்னு சொல்றது நாளைக்கு உதவாது.

பெயர் 4: வயித்துத் தழும்புல வர்றது

வெளித்தழும்பு வழியாக் குடல் துருத்துற ஹெர்னியா, தழும்புக்குள்ள கர்ப்பப்பையோட உள்சவ்வு வளர்ந்து ஒவ்வொரு பீரியட்ஸ்லயும் வலிக்கிற எண்டோமெட்ரியோசிஸ் கட்டி, இதெல்லாம் இந்த வகை.

இன்சூரன்ஸ் பதில்: ஹெர்னியாவும் எண்டோமெட்ரியோசிஸும் பல பாலிசியில எக்ஸ்க்ளூஷன் 2-ங்கிற 'குறிப்பிட்ட நோய்களுக்கான வெயிட்டிங் பீரியட்' பட்டியல்ல இருக்கும். வழக்கமா 24 மாசம். அது முடிஞ்சிருந்தா பொதுவா கிடைக்கும். அதுக்குள்ள வந்தா கிடைக்காது.

தங்கச்சி கேஸ்ல என்ன பண்ணோம்

முதல்ல ஒரு விஷயம். கேஷ்லெஸ் மறுத்தா க்ளைமே முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. பணம் கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போடலாம். அதுவும் மறுத்தா கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்குப் போகலாம். நாங்க அந்த நிலையில இருந்தோம்.

ரிஜெக்‌ஷன் லெட்டரையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சேன். சம்மரியில அட்மிஷன் காரணம்னு ஒரே வரி: ரெண்டாவது குழந்தை தங்காதது. பத்து நாள் கசிவு, வலி, ரத்தக்குறைவு எதுவுமே இல்ல. ஆனா ஆறு மாச ஓ.பி. சீட்டுல அத்தனையும் தேதியோட இருந்துச்சு. தங்கச்சி முதல் தடவை டாக்டர்கிட்ட போனதே கசிவுக்காகத்தான்.

தங்கச்சி டாக்டரைப் போய்ப் பார்த்தா. ஓ.பி. சீட்டுல இருக்கிறதை வெச்சு, என்ன தொந்தரவோட வந்தாங்க, எதுக்காக ஆபரேஷன் பண்ணோம்னு முழு விவரமா ஒரு சான்று கொடுத்தாங்க. இங்க ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். 'க்ளைம் வர்ற மாதிரி எழுதிக் கொடுங்க'ன்னு எந்த டாக்டர்கிட்டயும் கேட்காதீங்க. அது பொய், மாட்டினா மோசடி. நாங்க கேட்டது விடுபட்டுப் போன உண்மையை மட்டும்தான்.

அப்புறம் ஒரு பக்கத்துல லெட்டர். ரெண்டு வாதம்.

ஒண்ணு, சிகிச்சை செஞ்சது ரத்தக்கசிவுக்கும் வலிக்கும், அதுக்கு ஆதாரம் இதோ, அதனால எக்ஸ்க்ளூஷன் 17 பொருந்தாது.

ரெண்டு, எக்ஸ்க்ளூஷன் 18 பேசறது பிரசவச் செலவைப் பத்தி. இந்தப் பாலிசி காலத்துல பிரசவமே நடக்கல. பல வருஷம் கழிச்சுக் கர்ப்பப்பையில வந்த ஒரு கோளாறுக்கு இப்ப சிகிச்சை நடந்திருக்கு. பழைய நோயாப் பார்த்தாலும், இந்தக் குரூப் பாலிசியில ஏற்கனவே இருக்கிற நோய்க்கு வெயிட்டிங் பீரியட் கிடையாது. பாலிசி வாசகம் ரெண்டு அர்த்தம் தந்தா, அதை எழுதின கம்பெனிக்கு எதிராத்தான் படிக்கணும்ங்கிறது நம்ம நீதிமன்றங்கள் ஏத்துக்கிட்ட கொள்கை.

அஞ்சு வாரம் கழிச்சு 1,41,000 ரூபாய் வந்துச்சு. மீதி 21,000, கையுறை மாதிரியான கொடுக்க முடியாத ஐட்டங்கள்னு கழிச்சுட்டாங்க. கிரெடிட் கார்டு வட்டி போனது போனதுதான். மாசம் 3.5 சதவீதம் வட்டி போடற கார்டுல 80,000 ரூபாய் நின்னா, மாசம் 2,800 ரூபாய் வட்டி, அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நகைக்கடன் வட்டி இதைவிட ரொம்பக் குறைவு. அவசரத்துக்குக் கடன்தான் வழின்னா நகையை முதல்ல வைங்க, கார்டைக் கடைசியில தேய்ங்க.

எல்லாருக்கும் இப்படி முடியும்னு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். ரெண்டாவது வாதத்தை இன்னொரு கம்பெனி ஏத்துக்காமப் போகலாம். அப்படிப் போனா அடுத்த படி இருக்கு. கம்பெனி ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லலைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில இருக்கு. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்ல, 50 லட்சம் வரைக்குமான தகராறை எடுப்பாங்க. குரூப் பாலிசியில இருக்கிறவங்களும் போகலாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட 'பீமா பரோசா' தளத்துல புகார் பதியலாம், இல்லேன்னா 155255-க்குப் போன் பண்ணலாம்.

பீரோ மேல இருந்த மஞ்சப்பை

லெட்டரோட வைக்க எங்களுக்கு முதல் சிசேரியன் பேப்பரும் தேவைப்பட்டுச்சு. அது சென்னையில இல்ல. ஜெயமங்கலத்துல சித்தி பீரோ மேல ஒரு மஞ்சப்பையில, குழந்தையோட தடுப்பூசி அட்டைக்குக் கீழ இருந்துச்சு. சித்தி தூக்கிப் போடாம வெச்சிருந்ததுக்குக் கோயிலுக்குத்தான் போகணும்.

ஏன் சொல்றேன்னா, 2002-ல வந்த மருத்துவ நெறிமுறை விதிப்படி, உள்நோயாளி ரெக்கார்டை ஆஸ்பத்திரி மூணு வருஷம்தான் வெச்சிருக்கணும். அதுக்குள்ள நீங்க கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும். தழும்புச் சிக்கலோ பலருக்கு அதுக்கப்புறம்தான் வருது. அதனால பிரசவம் ஆன வருஷமே இதையெல்லாம் வாங்கி, போட்டோ எடுத்து, ஆன்லைன்ல ஒரு போல்டர்ல போட்டு, கணவன் மனைவி ரெண்டு பேர் போன்லயும் இருக்கிற மாதிரி பண்ணிடுங்க:

1. டிஸ்சார்ஜ் சம்மரி.
2. ஆபரேஷன் நோட்ஸ். எங்க வெட்டினாங்க, எத்தனை அடுக்காத் தைச்சாங்க, ரத்தப்போக்கு இருந்துதா எல்லாம் அதுலதான் இருக்கும். அடுத்த பிரசவத்துக்கு டாக்டர் முதல்ல கேட்கிறதும் இதைத்தான்.
3. தாய் சேய் நல அட்டை, பிக்மி நம்பர்.
4. அப்புறம் எடுத்த எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், ஓ.பி. சீட்டும்.

புதுசாப் பாலிசி எடுக்கிறவங்களுக்கு

சிசேரியன் ஆனதை மறைக்காதீங்க. 'அது ஆபரேஷனே இல்ல சார், டெலிவரிதானே'ன்னு ஏஜென்ட் சொன்னாலும், பழைய ஆபரேஷன் பத்திக் கேட்கிற இடத்துல எழுதுங்க. நீங்க சொன்னதைப் பார்த்துட்டுப் பாலிசி கொடுத்த பிறகு, அதையே காரணமாக் காட்டி மறுக்க முடியாதுன்னு 2021 டிசம்பர்ல மன்மோகன் நந்தா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. மறைச்சிருந்தா இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்ல.

ஏற்கனவே இருக்கிற நோய்க்கான வெயிட்டிங் பீரியட் 2024 ஏப்ரல்ல இருந்து அதிகபட்சம் மூணு வருஷம்தான், முன்னாடி நாலு. தொடர்ந்து அஞ்சு வருஷம் பாலிசி ஓடிட்டா, மோசடி தவிர, 'சொல்லாம விட்டீங்க'ன்னு க்ளைமை மறுக்க முடியாது. முன்னாடி அது எட்டு வருஷம். பாலிசி கையில வந்ததும் 30 நாள் ஃப்ரீ லுக் இருக்கு. அந்த 30 நாள்ல எக்ஸ்க்ளூஷன் 2, 17, 18 மூணையும் படிங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்ல.

கல்யாணம் ஆகப் போறவங்க கவனிங்க. மகப்பேறு கவருக்கு வெயிட்டிங் பீரியட் உண்டு. பாசிட்டிவ் வந்த பிறகு தேடினா பிரயோஜனம் இல்ல. கம்பெனி குரூப் பாலிசியில மகப்பேறு முதல் நாள்ல இருந்தே இருந்தா, குழந்தைத் திட்டம் இருக்கிற நேரத்துல வேலை மாறறதுக்கு முன்னாடி புதுக் கம்பெனி பாலிசியையும் கேட்டு வாங்கிப் பாருங்க. 20 சதவீத ஹைக்கை மட்டும் பார்த்துட்டு ஓடாதீங்க.

இ.எஸ்.ஐ., அரசு ஆஸ்பத்திரி

மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருந்தா இ.எஸ்.ஐ. வரும். உங்க பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். இதுல மகப்பேறு விலக்குன்னு ஒண்ணு கிடையாது. மருத்துவ வசதி வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்தே உண்டு. தேனிப் பக்கம் மில்லுல வேலை பார்க்கிறவங்களுக்குப் பக்கத்துப் பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மதுரையில இருக்கு.

இன்சூரன்ஸே இல்லைன்னா? எங்க ஊர்க்காரங்களுக்குப் பெரியகுளத்துல மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை, க.விலக்குல தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதுக்கு மேல மதுரை ராஜாஜி. அக்ரீட்டா மாதிரி கேஸுக்கு ரத்த வங்கி, ஐ.சி.யூ., பல துறை டாக்டர்கள் ஒரே இடத்துல இருக்கிறது முக்கியம். அதுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நல்ல இடம். சிசேரியன் ஆனவங்களுக்குக் கர்ப்ப காலத்துல திடீர்னு ரத்தப்போக்கோ, கடுமையான வயித்து வலியோ வந்தா 108-க்குப் போன் பண்ணுங்க. பாலிசி பத்தி அப்புறம் பேசிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. ஊர்ல இருக்கிற அம்மா அப்பாகிட்ட அந்த அட்டை இருக்கான்னு கேளுங்க.

லீவும் வரியும்

பிரசவத்தால வந்த நோய்க்கு, மகப்பேறு விடுப்புக்கு மேல ஒரு மாசம் வரைக்கும் சம்பளத்தோட லீவு உண்டு. கருச்சிதைவுக்கும் சட்டப்படியான கருக்கலைப்புக்கும் ஆறு வாரம். 1961 மகப்பேறு நலச் சட்டத்துல இருந்த இந்த உரிமைகள் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. டாக்டர் சான்றோட எச்.ஆர்.கிட்ட எழுதிக் கேளுங்க.

'லீவுக்குப் பிரசவத்தால வந்ததுன்னு சொல்லணும், இன்சூரன்ஸ்ல அப்படிச் சொன்னா மாட்டிக்குமே'ன்னு மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. ரெண்டு இடத்துக்கும் ஒரே சான்றுதான் போகணும். காரணம் பழைய தழும்பு, சிகிச்சை இப்போ இருக்கிற ரத்தக்கசிவுக்கு. ரெண்டும் உண்மை. லீவுச் சட்டம் காரணத்தைக் கேட்குது. க்ளைம்ல நம்ம வாதம் சிகிச்சை எதுக்குங்கிறதைப் பத்தி. இடத்துக்கு ஒரு கதை சொன்னா ரெண்டும் கெட்டுப் போகும்.

வரியில ரெண்டு விஷயம். பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு, 80டி-ன்னு நமக்குப் பழகின கழிவுல, உங்களுக்கும் துணைக்கும் குழந்தைகளுக்கும் கட்டுற பிரீமியம் 25,000 ரூபாய் வரைக்கும் கழியும். இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. உங்க கம்பெனி இந்த ஆபரேஷன் செலவைத் திருப்பிக் கொடுத்தா, அது சம்பளமாக் கருதி வரி போடப்படலாம். ஆனா அரசு ஆஸ்பத்திரியிலயோ, வருமான வரித் துறை அங்கீகரிச்ச ஆஸ்பத்திரியிலயோ, பட்டியல்ல இருக்கிற நோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தா வரி இல்ல. ஆபரேஷனோ லேப்ராஸ்கோப்பியோ தேவைப்படற கர்ப்பப்பை நோய்கள், சிசேரியன் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் இருக்கான்னு கேட்டுக்கோங்க.

இந்த வார வீட்டுப்பாடம்

1. பாலிசி பி.டி.எஃப்-ல எக்ஸ்க்ளூஷன் 2, 17, 18 படிங்க.
2. மகப்பேறு சப் லிமிட் எவ்வளவு, சிக்கல் வந்தா எவ்வளவுன்னு எச்.ஆர்.கிட்ட ஈ-மெயில்ல கேளுங்க.
3. சிசேரியன் ஆகியிருந்தா ஆபரேஷன் நோட்ஸ் கையில இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா மூணு வருஷம் முடியறதுக்குள்ள எழுதிக் கேளுங்க.
4. டிஸ்சார்ஜ் அன்னிக்கு சம்மரியைப் படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பாதீங்க. என்ன தொந்தரவு, என்ன நோய், என்ன சிகிச்சை, மூணும் சரியா இருக்கணும்.
5. குறைஞ்சது ஒரு லட்சம் ரூபாயை மருத்துவ அவசரத்துக்குன்னு ஸ்வீப்-இன் எஃப்.டி.யில தனியா வைங்க. க்ளைம் கடைசியில வந்தாலும், பில் கட்ட வேண்டியது இன்னிக்கு.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. எங்க வீட்டுல அந்தக் கசிவை தங்கச்சி ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. 'எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்'னு நினைச்சிருக்கா. மாப்பிள்ளையும் கேட்கல. ஒரு வருஷம் முன்னாடி டாக்டர்கிட்ட போயிருந்தா மாத்திரையோட முடிஞ்சிருக்குமான்னு எனக்குத் தெரியாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனா அந்த ஒரு வருஷம் அவ தனியா அனுபவிச்சிருக்க வேண்டாம். பாலிசியைப் படிக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுல ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

எக்ஸ்க்ளூஷன் 18-ஐ ஒரு மாதிரி பாலிசியை வெச்சு வரி வரியா நம்ம சேனல் வீடியோல காட்டறேன். உங்க பாலிசியில வாசகம் வேற மாதிரி இருந்தா, பெயர், பாலிசி நம்பரை மறைச்சுட்டு அனுப்புங்க, சேர்ந்து படிப்போம்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.